விடுதலை வந்ததால்தானா நம்மவர்கள் கப்பலேறினார்கள்?

பெகு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பர்மாவில், பெகு ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். எழுத்து, வாசிப்பு, கொஞ்சம் தேவாரம், அவ்வளவுதான். வரலாறு என் பாடத்தில் கிடையாது. ஆனால் சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் எட்டாவது படிக்கிற பையன் ஒருவன் கேட்டுவிட்டான்: "டீச்சர், ஆங் சான்தான் நமக்கெல்லாம் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தாருன்னு பள்ளிக்கூடத்துல படிக்கிறோம். வீட்ல ஆயா, சுதந்திரம் வந்துதான் நம்ம சனமெல்லாம் போச்சுன்னு சொல்லுது. ரெண்டுல எது சரி?"

என்னால் அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தாத்தாவின் தம்பிகள் குடும்பத்தோடு கப்பலேறிப் போனார்கள். அவர்கள் பிள்ளைகள் இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் ஜப்பான்காரன் குண்டு, ஆங் சான், நே வின், கப்பல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். எது முன்னால், எது பின்னால், எதனால் எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை.

இந்த நாட்டின் பெரும்பான்மையான பாமா மக்களின் கோபம் வெள்ளைக்காரனோடு நிற்காமல் நம் பக்கம் ஏன் திரும்பியது? நம்மவர்கள் உண்மையில் எப்போது போனார்கள்? அந்தப் பையன் பிறந்த ஊரையும் வெறுக்கக் கூடாது, தன் தாத்தாவை நினைத்துத் தலை குனியவும் கூடாது. அப்படி ஒரு பதில் எனக்கு வேண்டும். விவரம் தெரிந்த பெரியவர்கள் ஆண்டோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


தட்டோன் கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா, நல்ல கேள்வி. நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். என் தாத்தா பியாபோனில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் சமையல்காரராக இருந்தவர். அப்பா அந்தக் கடைவாசலிலேயே வளர்ந்தவர். அவர் சொன்னது, நானே பார்த்தது, பிறகு படித்தது மூன்றையும் வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒன்று. நம்மவர்கள் 1942, 1948, 1964 மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "சுதந்திரம்" என்று பெயர் எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். மூன்றும் வேறு வேறு. கூட்டம் கூட்டமாக நம் சனம் போனது 1942-லும் 1964-க்குப் பிறகும்தான். 1948 ஜனவரி 4 விடியற்காலை 4.20-க்கு, சோதிடர்கள் குறித்துக் கொடுத்த நேரத்தில், நாடு விடுதலை அடைந்தது. அன்றைக்கு நம்மை யாரும் துரத்தவில்லை.

இப்போது கோபத்துக்கு வருவோம். அது நெல்லில் பிறந்த கோபம். 1852-ல் கீழ்ப் பர்மாவை வெள்ளைக்காரன் பிடித்தபோது ஐராவதி டெல்டாவில் பெரும்பகுதி காடும் சதுப்பும்தான். அடுத்த 80 ஆண்டுகளில் நெல் விளையும் நிலம் 10 மடங்கு போலப் பெருகியது. 1930-களில் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு இதுதான், ஆண்டுக்கு 30 லட்சம் டன் அளவுக்கு. காட்டை வெட்டியதும் உழுததும் பெரும்பாலும் பாமா விவசாயி. அதற்குக் கடன் கொடுத்தது நகரத்தார், அதாவது செட்டியார்கள். அறுவடைக்கும், ஆலைக்கும், துறைமுகத்துக்கும் கூலியாக வந்தது தமிழரும் தெலுங்கரும். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர்கள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தான். ஒரு பாமா விவசாயி தலைநகரத்துக்கு வந்தால் சொந்த நாட்டுக்கு வந்த மாதிரியே இருந்திருக்காது. அதையும் நாம் யோசிக்க வேண்டும்.

1929-க்குப் பிறகு உலகம் முழுக்க மந்தம் வந்தது. நெல் விலை பாதிக்கும் கீழே போனது. கடன் மட்டும் பழைய விலைக்கு எழுதின கடனாகவே நின்றது. அப்பா சொல்வார், மாசி பங்குனி மாதம் கடைத் திண்ணையில் பாமா விவசாயிகள் மனைவியோடு வந்து உட்கார்ந்திருப்பார்களாம். மேலாள் உள்ளே பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். அடுத்தாள் வெளியே வந்து, இந்த வருஷம் வட்டியாவது கட்டுங்கள் என்பார். அந்தம்மா கையிலிருந்த வளையலைக் கழற்றித் திண்ணையில் வைப்பார். அதை எடை போட்டுப் பார்த்தால் வட்டியில் பாதிக்குக்கூடக் காணாது. அப்புறம் நிலப் பத்திரத்தை மாற்றி எழுதுவதைத் தவிர வழி இல்லை. தாத்தா அவர்களுக்குச் சோறு போட்டு அனுப்புவாராம். சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்களாம்.

1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 100-க்கு 6 பங்கு. 1938-ல் அது 25 பங்கு. எட்டே வருஷம்! அவர்கள் ஆசைப்பட்டு வாங்கினது இல்லை. நிலம் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றுதான் அவர்கள் இருந்தார்கள். அதனால் என்ன, நிலத்தை இழந்தவன் கண்ணுக்கு எதிரே இருந்தது செட்டியாரின் கடன் கடையான கிட்டங்கியும் நெற்றியில் விபூதியும்தான். விலையைக் கீழே அழுத்திய பெரிய வெள்ளைக்கார ஆலைக் கம்பெனிகள் சேர்ந்து வைத்திருந்த கூட்டு அவன் கண்ணில் படவில்லை. நிலவரியையும் தலைவரியையும் குறைக்க மறுத்த அரசாங்கம் மாவட்டத் தலைநகரில், எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

1930 டிசம்பரில் தராவதியில் சயா சான் கிளர்ச்சி வெடித்தது. வரியைத் தள்ளி வை என்று கேட்டுக் கிடைக்காத விவசாயிகள் கத்தியும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அதை அடக்க இந்தியாவிலிருந்து பட்டாளம் வந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் சயா சானைத் தூக்கிலிட்டார்கள். கடன் கொடுத்தவன் இந்தியன், சுட வந்த சிப்பாயும் இந்தியன் என்றால் கிராமத்தில் என்ன பேசுவார்கள்? 1930 மே மாதக் கலவரமும் இந்த ரகம்தான். ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பாமாக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பேச்சுவார்த்தை முடிந்ததும் அந்தப் பாமாக்காரர்களை ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். அடித்துக்கொண்டு செத்தது இரண்டு பக்கத்து ஏழைகள்.

சுதந்திரப் போராட்டம் என்பது இது மட்டும் இல்லை. 1920-ல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் வேலைநிறுத்தம், 1936-ல் ஆங் சானும் ஊ நுவும் முன்னின்ற வேலைநிறுத்தம், 1938-ல் எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகள் சாவுக்கிலிருந்து ரங்கூனுக்கு நடந்தது, இதெல்லாம் பையன் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும். நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, 1942. முந்தின டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மேல் ஜப்பான்காரன் குண்டு போட்டான். துறைமுகக் கூலிகளும் துப்புரவுத் தொழிலாளர்களும் ஊரை விட்டு ஓடினார்கள். வேலை நின்றுவிடும் என்று ஆரம்பத்தில் இவர்களைப் போகவிடாமல் தடுக்கப் பார்த்தது அரசாங்கம். மார்ச் 8-ல் ரங்கூன் விழுந்தது. நான்கு லட்சம் பேருக்கு மேல் மலையேறி அரக்கான் வழியாகவும், தாமு வழியாகவும், வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். ஜப்பானியரோடு வந்த பர்மா விடுதலைப் படையின் பெயரைச் சொல்லிச் சில ஊர்களில் நம்மவர்களைக் கொள்ளையடித்தார்கள், அதுவும் உண்மை. ஆனால் அடிப்படையில் இது போர். காப்பாற்ற வேண்டிய அரசாங்கம் முதலில் தன் ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டது.

1948-க்குப் பிறகு நிலம் போனது. அதை மறைக்க வேண்டாம். நிலமெல்லாம் கடைசியில் அரசுக்கே சொந்தம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். 1948-ல் நில தேசியமயச் சட்டம் வந்தது. முதலில் சிரியம் பகுதியில் நடத்திப் பார்த்தார்கள், உள்நாட்டுச் சண்டையில் அது நின்றுபோனது. 1953-ல் திரும்பவும் சட்டம் போட்டார்கள். செட்டியார்கள் போட்ட முதல் போனதுதான். ஆனால் என் தாத்தா மாதிரி சமையல்காரனுக்கும், மூட்டை தூக்கினவனுக்கும் போக நிலமே இல்லையே! முதல் பிரதமர் ஊ நு காலத்தில் ரங்கூனில் தமிழ்ப் பத்திரிகை வந்தது, தமிழ்ப் பள்ளிக்கூடம் நடந்தது. நான் நான்காவது வரை தமிழில் படித்தவன்.

எங்களை அடித்தது 1962 மார்ச் 2-க்குப் பிறகு வந்த நே வின்னின் ராணுவ ஆட்சி. 1963-ல் வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். 1964 மார்ச்சில் கடைகளை. அப்பா அப்போது தட்டோனில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். ஒரு நாள் அதிகாரி ஒருவர் சிப்பாய்களோடு வந்து இருப்பைக் கணக்கெடுத்தார். கடைசித் தகர டப்பாவில் கிடந்த கொத்தமல்லி வரை நிறுத்துப் பார்த்து எழுதினார்கள். சாவியை வாங்கிக்கொண்டு, நாளையிலிருந்து இது மக்கள் கடை என்றார்கள். மே 17, ஞாயிற்றுக்கிழமை, 50 கியாட், 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துக் கடை பாமாக்காரர். அவருக்கும் அதே கதிதான். பையனுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நமக்கு மட்டும் நடந்தது இல்லை. நமக்குப் போக ஒரு கப்பல் இருந்தது, அவருக்கு அதுவும் இல்லை.

அதற்கப்புறம்தான் சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள். கையில் சொற்பப் பணம், நகைக்கும் கட்டுப்பாடு. உங்கள் தாத்தாவின் தம்பிகள் போனது இந்தக் கப்பல்களில்தான் இருக்கும்.


மொகல் தெரு எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன ஆண்டுகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எங்கள் குடும்பம் அந்தக் கிட்டங்கியின் உள்ளே உட்கார்ந்திருந்த குடும்பம். அதனால் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

டெல்டா விவசாயிக்குப் பெரிய வெள்ளைக்கார வங்கிகள் நேரடியாகக் கடன் கொடுக்கவில்லை. அவன் கிராமத்துக்குப் படகில் போய், பத்திரத்தை நம்பி, கைமேல் பணம் கொடுத்தது எங்கள் ஆட்கள். செட்டிநாட்டில் வீட்டு நகையும் கோயில் பணமும் சேர்த்துக் கொண்டுவந்த முதல் அது. 1930 வாக்கில் அரசாங்கம் அமைத்த வங்கி விசாரணைக் குழுவே பர்மாவில் செட்டியார் முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்தக் காலத்து 75 கோடி! அது இல்லாமல் அந்தக் காடு வயலாகியிருக்காது. இழப்பீட்டைக்கூட நிலத்தின் சந்தை விலைக்குக் கணக்குப் போடவில்லை, நிலத்தீர்வையை வைத்துத்தான் போட்டார்கள். என் பாட்டனார் ரங்கூன் அலுவலகங்களுக்கு நடையாய் நடந்து, ஊருக்குத் திரும்பாமலே இங்கேயே காலமானார். எங்கள் பக்கத்து நியாயமும் அந்தப் பிள்ளைகள் காதில் விழட்டும்.


தட்டோன் கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, உங்கள் பாட்டனார் பட்ட கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. எங்கள் தாத்தாவுக்குக் கூலி கொடுத்த கடை அது. பணம் கொடுத்தது உண்மை, வயல் விளைந்தது உண்மை. ஆனால் உழுதவன் கையில் நிலம் இல்லாமல் ஒரு நாடு விடுதலை வாங்கி என்ன செய்யும்? 1948-ல் எந்த அரசு வந்திருந்தாலும் அந்த நிலத்தில் கை வைத்துத்தான் ஆக வேண்டும். தமிழ்நாட்டிலேயே ஜமீன்களை ஒழித்தார்களே, அதுவும் அதே 1948-ல் போட்ட சட்டம்தான். இழப்பீட்டை நியாயமாகக் கொடுத்திருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். நிலத்தை எடுத்ததைத் தப்பென்று என்னால் சொல்ல முடியாது.


மாண்டலே அக்கா எழுதியது:

டீச்சர், நடுவில் வருகிறேன். நான் மாண்டலேயில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். போராட்டம் என்றால் பாமாக்காரர் ஒரு பக்கம், இந்தியர் எதிர்ப்பக்கம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அவர்களிடம் ஊ ரசாக்கைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஜூலை 19 தியாகிகள் தினத்தில் ஒன்பது பேரை வணங்குகிறோம் அல்லவா? 1947-ல் அதே நாளில் ரங்கூன் தலைமைச் செயலகத்தில் அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்த அறைக்குள் புகுந்து சுட்டார்கள். ஆங் சானோடு செத்தவர்களில் ஒருவர் கல்வி அமைச்சர் ஊ ரசாக். மெய்க்தீலாவில் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி முஸ்லிம், அம்மா பாமா பௌத்தர். 1920 மாணவர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நாடு முழுக்கத் தேசியப் பள்ளிகள் தொடங்கினார்களே, அப்படிப்பட்ட மாண்டலே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பௌத்தப் பிள்ளைகளை உருவாக்கிய முஸ்லிம் வாத்தியார். அவரோடு அவருடைய மெய்க்காப்பாளன் கோ த்வேயும் செத்தான். 18 வயதுப் பையன். இதைச் சொன்னால் உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு மனசில் நிற்கும், கிட்டத்தட்ட அவர்கள் அண்ணன் வயதுதானே.

இன்னொருவர் மேஜர் ஜெனரல் லோகநாதன், தமிழர், இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். 1945 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர் ரங்கூனை விட்டு ஓடியபோது, வெள்ளைக்காரப் படை வந்து சேரும்வரை ஊரில் கொள்ளையும் கலவரமும் நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நேதாஜி அவரிடம்தான் விட்டுப் போனார். சுமார் 6,000 வீரர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்தார். நகரத்தில் இருந்த இந்தியக் குடும்பங்கள் பிழைத்துக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.


தாமு தம்பி எழுதியது:

எல்லைக்கு இந்தப் பக்கம் தாமுவில் இருக்கிறேன். 1964-க்கு அப்புறம் கப்பலில் போனவர்கள் எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. சென்னை அகதி முகாமில் இருக்கப் பிடிக்காமல், பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று ரயிலேறி மணிப்பூர் வரை வந்து, எல்லையில் பர்மா ராணுவம் உள்ளே விடாததால் மோரேயில் தங்கிவிட்டவர்கள் நிறைய. மோரே எங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே கோயில், தமிழ்ச் சங்கம் எல்லாம் இருக்கிறது. என் பெரியம்மா குடும்பம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாடு இன்றைக்கும் பர்மா நூடுல்ஸான மொஹிங்காதான். பர்மா வேண்டாம் என்று போனவர்கள் யாரும் திரும்பி வரப் பார்க்க மாட்டார்கள் என்பதையும் பையனுக்குச் சொல்லுங்கள் அக்கா.


பெகு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கடைச் சாவியும் கொத்தமல்லியும் படித்தபோது அழுகை வந்துவிட்டது ஐயா. அடுத்த ஞாயிறு ஊ ரசாக்கில் ஆரம்பிக்கிறேன். நெல் விலைக் கதையை அதற்கடுத்த வாரம் வைத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையன் வீட்டில் அவனுக்கு இன்னும் குடியுரிமை அட்டை எடுக்கவில்லை. தாத்தா வெளிநாட்டவர் பதிவுச் சீட்டு வைத்திருந்தாராம், பாட்டியிடம் பழைய மூன்று மடிப்பு தேசியப் பதிவு அட்டை இருந்ததாம். ஒரே வீட்டில் இது எப்படி இரண்டு விதமாக இருக்கும்?


தட்டோன் கணக்குப்பிள்ளை எழுதியது:

அம்மா, அது எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் உண்டு. விடுதலை கொடுத்த வாய்ப்பை நம்மவர்கள் தவறவிட்ட இடம் அதுதான். விடுதலையோடு நடைமுறைக்கு வந்த 1947 அரசியல் சட்டத்தில் வழி இருந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்து, போருக்கு முந்தின 10 ஆண்டில் அல்லது விடுதலைக்கு முந்தின 10 ஆண்டில் 8 ஆண்டு இங்கே இருந்து, இங்கேயே தங்கப் போகிறேன் என்று விண்ணப்பித்தால் குடிமகன். ஆனால் ஊரில் நிலம் இருக்கிறது, கடைசிக் காலத்தில் போய்விடலாம் என்று நினைத்தவர்கள் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யாரும் போய்ச் சொல்லவும் இல்லை. 1942-ல் காகிதமெல்லாம் எரிந்துபோனவர்கள் எதைக் காட்டுவார்கள்? அவர்கள் கைக்கு வெளிநாட்டவர் சீட்டுதான் வந்தது. இங்கேயே பிறந்த அவர்கள் மனைவிக்கு மடிப்பு அட்டை கிடைத்திருக்கும். ஆண்களுக்குப் பச்சை, பெண்களுக்கு இளஞ்சிவப்பு.

1982 சட்டம் வந்ததும் கணக்கே மாறிப்போயிற்று. 1823-க்கு முன்பே இங்கே இருந்த இனங்களுக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு வேறு வரிசை. முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், இயல்புரிமை பெற்றவருக்குப் பச்சை. நான்கு தலைமுறையாக இங்கே கிடக்கிறவனை இன்னும் காகிதம் காட்டச் சொல்வது 1948 விடுதலையின் வேலை இல்லை அம்மா, இந்தச் சட்டத்தின் வேலை. எனக்கு இதில்தான் ஆறாத கோபம்.

பையன் வீட்டில் பாட்டியின் அட்டை, தாத்தாவின் சீட்டு, அப்பாவின் பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல் நான்கையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். தாத்தா 1948-க்கு முன்பே இங்கே இருந்ததற்குப் பள்ளிச் சான்றோ, வேலைச் சீட்டோ எது கிடைத்தாலும் விடக் கூடாது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் பசை தடவி ஒட்ட வேண்டாம், லேமினேட்டும் செய்ய வேண்டாம். பின்பக்க முத்திரையைத்தான் அதிகாரி முதலில் பார்ப்பார். நகல் எடுத்துக்கொண்டு, கூட விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். தட்டோன் பக்கம் வருவதாக இருந்தால் நானே படிவத்தை எழுதிக் கொடுக்கிறேன்.